உச்சிக்குழியை மூடியது யார் கை?

டர்பனில் இருந்து ஒரு சகோதரி மூன்று கேள்விகளை ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார். பதினொரு மாதப் பெண் குழந்தையின் உச்சிக்குழி மூடிவிட்டதாகக் கிளினிக்கில் செவிலியர் சொல்லியிருக்கிறார். சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்து பிள்ளையைக் குளிப்பாட்டும் மாமியார், காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் காலில் கிடத்தி, எண்ணெய் தேய்த்துத் தலையை உருட்டிப் பிடித்துவிட்டதால்தான் குழி சீக்கிரம் மூடியதா என்பது முதல் கேள்வி. மண்டையோட்டு எலும்புகளுக்கு நடுவில் உள்ள இணைப்புத் திசுவில் ஸ்டெம் செல்கள் (வேறு செல்களாக மாறவல்ல மூலச் செல்கள்) இருக்கின்றன, அவற்றைக் கொண்டு மூடியதைத் திறக்கலாம் என்று படித்தது உண்மையா என்பது இரண்டாவது. ஏழு வயது மகனுக்குப் பற்கள் நெருக்கிக்கொண்டு முளைக்கின்றன. முறுக்கும் கரும்பும் பில்டாங் என்ற உலர் இறைச்சியும் கடிக்கக் கொடுத்தால் தாடை அகலமாகுமா என்பது மூன்றாவது. மூன்றையும் சேர்த்துப் படித்தால் அவர் கேட்பது ஒன்றே ஒன்று: மண்டையையும் தாடையையும் கட்டிப்பிடித்திருக்கும் இந்தத் திசுக்கள் யார் சொல்லைக் கேட்டு வளர்கின்றன, அதில் நம் கைக்கு எவ்வளவு பங்கு? வீட்டில் யாரோ தெரியாமல் கெடுதல் செய்துவிட்டார்களோ என்ற பயமும் வரிகளுக்கு அடியில் தெரிகிறது. அந்தப் பயத்துக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

நான் ஜோகன்னஸ்பர்க்கில் பல் மருத்துவ மாணவர்களுக்குக் கருவியலும் தலை, கழுத்து உடற்கூறியலும் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். குழந்தைகளுக்கு மண்டையோட்டு அறுவை செய்பவன் அல்லன். குழந்தையைத் தொட்டுப் பார்க்காமல் எழுதும் எவருடைய எழுத்தும் மருத்துவரின் கைக்கு ஈடாகாது. இந்த எல்லையை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதல் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன்: உங்கள் மாமியார் கை குழியை மூடவில்லை. முன் உச்சிக்குழி 7 மாதத்திலும் மூடலாம், 24 மாதம் வரை திறந்தும் இருக்கலாம். சராசரி 14 மாதத்தை ஒட்டி வரும். பின்பக்கத்துச் சின்னக் குழி இரண்டு மூன்று மாதத்துக்குள்ளேயே மறைந்துவிடும். ஆகவே பதினொரு மாதம் என்பது சீக்கிரமே இல்லை. பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் வேறு ஒன்று. உச்சிக்குழி மூடுவது வேறு, மண்டையோட்டு எலும்புகள் சந்திக்கும் தையல்மூட்டுகள் இறுகி ஒரே எலும்பாவது வேறு. குழி என்பது நான்கு எலும்புகளின் மூலைகள் இன்னும் வந்து சேராத இடம். மூலைகள் சேர்ந்ததும் விரலுக்குப் பள்ளம் தட்டுப்படாமல் போகிறது. ஆனால் அந்த எலும்புகளின் ஓரங்களுக்கு நடுவே ஓடும் மெல்லிய நார்த்திசு அப்படியே உயிரோடு இருக்கிறது; தலை வளர்வது அந்த ஓரங்களில்தான். நெற்றியின் நடுவே செல்லும் மூட்டு மட்டும் 3 முதல் 9 மாதத்துக்குள் இறுகிவிடுவது இயல்பு. மற்ற பெரிய மூட்டுகள் வாலிப வயதைத் தாண்டியும் திறந்திருக்கும். பிறக்கும்போது சுமார் 35 செ.மீ. சுற்றளவு உள்ள தலை ஒரு வயதில் 46 செ.மீ. அளவுக்கு வந்துவிடுகிறது. குழி மூடிய பிறகும் அந்த வளர்ச்சி நிற்பதில்லை.

இனி, அந்தத் திசு எங்கிருந்து வருகிறது என்ற கதை. எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது; கொஞ்சம் நீட்டிச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள். கருவுக்கு நான்காவது வாரம் நடக்கும்போது, முதுகுப் பக்கத்துத் தகடு இரு ஓரங்களும் எழுந்து மடிந்து நரம்புக் குழாயாக மூடுகிறது. மடிப்பின் விளிம்பில் இருக்கும் செல்கள் குழாயோடு சேராமல் கழன்று புறப்பட்டுவிடுகின்றன. அந்த விளிம்புக்கு நரம்பு முகடு என்று பெயர். தலைப்பகுதியில் புறப்படும் முகட்டுச் செல்கள் முகத்தை நோக்கி ஊர்ந்து வந்து, தாடை எலும்பு, தாடைக் குருத்தெலும்பு, பல்லின் எனாமலுக்கு அடியில் உள்ள தந்தினி, பல்லைத் தாங்கும் பிணைநார், தாடைத் தசைகளின் உறையும் நாணும், நெற்றி எலும்பு என்று இத்தனையும் ஆகின்றன. தசையின் இழைகள் மட்டும் வேறு வம்சம். அவை கருவின் மூன்று அடுக்குகளில் நடு அடுக்கிலிருந்து வருகின்றன; நரம்பு முகடோ வெளி அடுக்கைச் சேர்ந்தது. அந்த இழைகளை எங்கே ஒட்டுவது, எந்தத் திசையில் இழுப்பது என்பதைப் பெரும்பாலும் முகட்டுச் செல்களால் ஆன இணைப்புத் திசுவே தீர்மானிக்கிறது. வெறும் இட்டுநிரப்பும் பொருள் என்று நாம் நினைக்கும் இணைப்புத் திசுதான் முகத்தின் வரைபடத்தைக் கையில் வைத்திருக்கிறது.

இதை முதலில் சொன்னவர் ஜூலியா பிளாட் என்ற அமெரிக்கப் பெண்மணி. நீரில் வாழும் ஒரு வகைச் சாலமாண்டரின் கருக்களைச் சீவிப் பார்த்து, தாடைக் குருத்தெலும்பும் பல்லின் தந்தினியும் வெளி அடுக்கிலிருந்து வருகின்றன என்று 1893-இல் எழுதினார். எலும்பும் குருத்தெலும்பும் நடு அடுக்கிலிருந்து மட்டுமே வரும் என்பது அக்காலத்தில் வேதவாக்கு. அறிஞர்கள் அவர் சொன்னதை ஏற்கவில்லை. அவருக்குப் பல்கலைக்கழக வேலையும் கிடைக்கவில்லை. ஆய்வை விட்டுவிட்டுக் கலிபோர்னியாவின் பசிபிக் குரோவ் ஊரில் பொது வாழ்வில் இறங்கி, 1931-இல் அந்த ஊரின் மேயரானார். அவர் பார்த்தது சரிதான் என்பது ஐயத்துக்கு இடமில்லாமல் நிலைபெற அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களுக்கு இவர் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குகிறேன்.

சந்தேகத்தைத் துடைத்தவர்களில் முதன்மையானவர் பிரான்சின் நிக்கோல் லெ துவாரன். காடையின் செல்லுக்கு ஓர் அடையாளம் உண்டு என்பதை 1969-இல் அவர் கவனித்தார். சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் காடைச் செல்லின் உட்கரு நடுவே அடர்த்தியான ஒரு திட்டு தெரியும். கோழிச் செல்லில் அது இருக்காது. முட்டையில் சிறு சன்னல் வெட்டி, கோழிக் கருவின் முகட்டுத் துண்டை எடுத்துவிட்டு அதே இடத்தில் காடையின் துண்டை வைத்தால், சில நாள் கழித்து அந்தத் திட்டுகள் எங்கெல்லாம் தெரிகின்றனவோ அங்கெல்லாம் முகட்டுச் செல்கள் போயிருக்கின்றன என்று பொருள். மாணவர்களுக்கு இந்தப் படங்களைக் காட்டும்போது, கீழ்த்தாடை முழுவதும் திட்டுத் திட்டாகத் தெரியும். அதே தாடையைச் சுற்றிய தசையிழைகளில் திட்டு இராது, அந்த இழைகளைச் சுற்றிய மெல்லிய உறையில் மட்டும் இருக்கும். ஒரே பார்வையில் இரண்டு வம்சமும் பிரிந்து தெரியும் இடம் அது.

அதன் பின் 2003-இல் ஷ்னைடர், ஹெல்ம்ஸ் என்ற இருவர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். வாத்துக் கருவில் காடையின் முகட்டுச் செல்களை வைத்தார்கள். பிறந்த முகத்துக்குக் காடையின் கூரிய சின்ன அலகு. காடைக் கருவில் வாத்தின் செல்களை வைத்தபோது தட்டையான வாத்து அலகு. காடை 17 நாளில் பொரிக்கும், வாத்துக்கு 28 நாள் வேண்டும். இடம் மாறிப்போன செல்கள் தங்கள் பிறந்த வீட்டின் நாள்கணக்கையே பின்பற்றின. ஆகவே முகத்தின் வடிவத்தில் பெரும்பங்கு அந்தச் செல்களுக்குள்ளேயே எழுதியிருக்கிறது. இது பறவைகளில் உறுதியான முடிவு. ஆனால் முகட்டுச் செல் எதையும் கேட்காது என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. சுற்றியுள்ள வெளித்தோல், மூளை, தொண்டைச் சுவர் ஆகியவற்றின் குறிப்புகளுக்கும் அது வளைந்துகொடுக்கிறது என்பதற்குச் சான்றுகள் உள்ளன. உள்ளே எழுதியதும் வெளியிலிருந்து கேட்பதும் என்ன விகிதத்தில் கலக்கின்றன என்பதில் ஆய்வுக்கூடங்கள் இன்றும் வாதிட்டுக்கொண்டிருக்கின்றன.

மண்டையோட்டுக்கு வருவோம். சுண்டெலியில் முகட்டுச் செல்கள் எல்லாவற்றுக்கும் நிலையான சாயக்குறி இட்டு 2002-இல் செய்த ஆய்வில், நெற்றி எலும்பு முகட்டிலிருந்தும் அதற்குப் பின்னுள்ள உச்சி எலும்பு நடு அடுக்கிலிருந்தும் வருவது தெரிந்தது. இரண்டுக்கும் நடுவில், தலையின் குறுக்கே ஒரு காதிலிருந்து மறு காதுப் பக்கம் ஓடும் தையல்மூட்டு, இரண்டு வம்சங்களின் எல்லைக்கோட்டிலேயே விழுகிறது. சுண்டெலிக்கு இது உறுதி. பறவைகளில் உச்சி எலும்பு எதிலிருந்து வருகிறது என்பதில் இரண்டு பெரிய ஆய்வுக்கூடங்கள் ஒன்றுக்கொன்று மாறான முடிவுகளைச் சொன்னதுண்டு. மனிதக் கருவில் இப்படிச் சாயக்குறி இட முடியாது, இடவும் கூடாது. ஆகவே நமக்கும் சுண்டெலியைப் போலத்தான் என்பது வலுவான ஊகம், நேரடிச் சான்று இல்லை.

மூட்டைத் திறந்து வைத்திருப்பது யார்? எலும்புக்குக் கீழே மூளையைப் போர்த்தியிருக்கும் கெட்டியான உறை, டூரா. எலிக்கருவின் தையல்மூட்டை எடுத்து வேறு இடத்தில் ஒட்ட வைத்த ஆய்வு ஒன்று 1993-இல் வந்தது. டூராவோடு சேர்த்து ஒட்டிய மூட்டு திறந்தே இருந்தது. டூராவை உரித்துவிட்டு ஒட்டியது எலும்பாகி மூடிக்கொண்டது. மூட்டின் ஓரத்தில் எலும்பு வைக்கும் செல்களுக்கும் நடுவில் நாராகவே இருக்க வேண்டிய செல்களுக்கும் இடையே டூராவிலிருந்து குறிப்புகள் போய்க்கொண்டே இருக்கின்றன. டூராவை உள்ளிருந்து விரிப்பது வளரும் மூளை. மூளை போதிய அளவு வளராத குழந்தைக்கு மூட்டுகள் சீக்கிரம் இறுகுவதும், தலையில் நீர் கோத்த குழந்தைக்கு அவை அகன்று நிற்பதும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகின்றன. உங்கள் பெண்ணின் மண்டையோடு கேட்டுக்கொண்டிருந்தது மாமியாரின் விரலை அல்ல, தன் மூளையை.

இந்தப் பேச்சுவார்த்தை மரபணுக் கோளாறால் கெட்டுப்போகும் குழந்தைகள் உண்டு. ஏறக்குறைய 2,000 முதல் 2,500 பிறப்புகளில் ஒரு குழந்தைக்கு ஏதாவது ஒரு தையல்மூட்டு காலத்துக்கு முன்பே இறுகிவிடுகிறது. நடு உச்சி மூட்டுதான் அதில் மிகுதி. எஃப்.ஜி.எஃப்.ஆர்.2, எஃப்.ஜி.எஃப்.ஆர்.3, ட்விஸ்ட்1 ஆகிய மரபணுக்களில் மாற்றம் இருப்பது சில வகைகளில் நிலைநாட்டப்பட்டுவிட்டது. ஒற்றை மூட்டு மட்டும் இறுகி, வேறு குறையே இல்லாத பெரும்பாலான குழந்தைகளில் காரணத்தை இன்னும் விரல் நீட்டிச் சொல்ல முடியவில்லை.

இந்த இடத்தில் நம் தென்னாப்பிரிக்காவைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. தலை எலும்பு ஆய்வுக்கு இந்த நாடு கொடுத்தது கொஞ்சமல்ல. கேப் டவுனில், சீனத்திலிருந்து வந்து குடியேறிய ஒருவரின் வழித்தோன்றல்களில் பலருக்கு உச்சிக்குழி ஆண்டுக்கணக்கில் மூடாமல் இருக்கும். தோள்பட்டையில் காறை எலும்பு சரியாக வளராது, பால் பல் விழாது, அடியில் கூடுதல் பற்கள் புதைந்து கிடக்கும். 1951-இல் இந்தக் குடும்பத்தைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார்கள். இந்த நோய் வருவது ரன்எக்ஸ்2 என்ற மரபணுவின் ஒரு பிரதி கெட்டுப்போவதால் என்பது 1997-இல் தெரிந்தது. நார்த்திசுச் செல்லை எலும்புச் செல்லாக மாற்றும் ஆணை அந்த மரபணுவின் கையில் இருக்கிறது. ஆணை பாதியாகக் குறைந்தாலே குழி மூடுவதில்லை.

இதற்கு நேர் எதிரானது ஸ்க்ளெரோஸ்டியோசிஸ் என்ற நோய். உலகிலேயே அதிகமாக இது காணப்படுவது ஆப்பிரிக்கானர் சமூகத்தில். கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் பீட்டர் பெய்ட்டன் இந்தக் குடும்பங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தவர். மூட்டுகளின் தளர்ச்சியை அளக்க மருத்துவர்கள் உலகெங்கும் பயன்படுத்தும் அளவுகோலும் அவர் பெயரில்தான் இருக்கிறது. இந்நோயில் கீழ்த்தாடை தடித்துப் பெரிதாகும், மண்டையோடு உள்நோக்கியும் தடிக்கும், நரம்புகள் வெளிவரும் துளைகள் குறுகி முகம் வாதமாகும், காது கேட்காமல் போகும். மூளைக்கு இடம் இல்லாமல் அழுத்தம் ஏறும். எலும்பு வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் ஸ்க்ளெரோஸ்டின் என்ற புரதம் இவர்களுக்குச் சுரப்பதில்லை. அதற்கான மரபணுவை 2001-இல் கண்டுபிடித்தார்கள். அந்தக் கடிவாளத்தைக் கொஞ்ச காலம் தளர்த்தினால் தேய்ந்த எலும்பைக் கெட்டிப்படுத்தலாமே என்று யோசித்து உருவாக்கியதுதான் ரோமோசோசுமாப் என்ற ஊசி மருந்து. 2019-இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. இன்று எலும்புத் தேய்வுக்கு அந்த ஊசி போட்டுக்கொள்ளும் எத்தனையோ பாட்டிமார்கள், காது கேளாமலும் தலைவலியோடும் வாழ்ந்த சில தென்னாப்பிரிக்கக் குடும்பங்களுக்குக் கடன்பட்டவர்கள். இதை நான் மிகவும் மதிக்கிறேன்.

மறுபடியும் கைக்கு வருகிறேன். வெளியிலிருந்து அழுத்தினால் மண்டை மாறவே மாறாதா? மாறும். காங்கோவின் மாங்பெட்டு மக்கள் கைக்குழந்தையின் தலையைத் துணியால் இறுகச் சுற்றி நீள வடிவம் வரச் செய்தது வரலாறு. ஆனால் அது மாதக்கணக்கில், இரவும் பகலும் விடாத அழுத்தம். ஒரே பக்கமாகப் படுத்துத் தலை தட்டையான குழந்தைக்குப் போடும் தலைக்கவசமும் அதே தத்துவம்தான். அதையும் நாளின் பெரும்பகுதி அணிய வேண்டும். குளியலறையில் சில நிமிடம் உள்ளங்கையால் நீவிவிடுவது இதன் அருகில்கூட வராது. நீவியதால் தலை உருண்டையானது என்று பாட்டிமார் சொல்வதையும் நான் நம்பவில்லை. பிரசவத்தில் நசுங்கிய தலை எண்ணெய் வைக்காத குழந்தைக்கும் சில நாளில் உருண்டையாகிவிடுகிறது. 1860-இல் ட்ரூரோ கப்பலில் மதராசிலிருந்து டர்பனுக்கு வந்த ஒப்பந்தக் கூலிகளின் முதல் கூட்டத்திலிருந்து இந்த எண்ணெய்க் குளியல் வீடுகளில் தொடர்ந்து வந்திருக்கும். அதை விட்டுவிடச் சொல்ல எனக்கு எந்தக் காரணமும் இல்லை. இரண்டே இரண்டு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: உச்சியைக் கட்டை விரலால் அழுத்தக் கூடாது, மூக்கிலோ தொண்டையிலோ எண்ணெய் விடக் கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிச் சளிக்காய்ச்சல் வந்த குழந்தைகளை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. குளியலில் நான் உண்மையாகவே பயப்படுவது அதற்குத்தான்.

ஸ்டெம் செல் செய்தி பொய் இல்லை, ஆனால் அது சுண்டெலியின் செய்தி. மண்டையோட்டுத் தையல்மூட்டின் நடுவில் க்ளி1 (Gli1) என்ற மரபணு இயங்கும் செல்கள் தங்கியிருக்கின்றன, எலும்பு உடைந்தால் ஆற்றுவதற்கு அவைதான் புறப்பட்டு வருகின்றன என்று யாங் சாய் என்பவரின் குழு 2015-இல் காட்டியது. 2021-இல் அதே பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், ட்விஸ்ட்1 மரபணுவின் ஒரு பிரதி இல்லாமல் மூட்டு இறுகிப்போன சுண்டெலிகளில் இறுகிய எலும்பை வெட்டி இடைவெளி உண்டாக்கி, உடலில் கரையும் பசைப்பொருளோடு இந்தச் செல்களை வைத்தார்கள். இடைவெளி எலும்பாக மூடாமல் புதிய தையல்மூட்டாகவே அமைந்தது. மண்டைக்குள் இருந்த அழுத்தம் தணிந்தது. நினைவாற்றலும் மற்ற எலிகளோடு பழகும் விதமும் தேறின. படித்தபோது நான் மிகவும் மகிழ்ந்துபோனேன். ஆனால் சுண்டெலியின் மண்டையோடு தாள் கனம். மனிதக் குழந்தையின் தலைக்கு வேண்டிய செல்களின் அளவும், அவை எங்கே போய் நிற்கும் என்ற கட்டுப்பாடும் முற்றிலும் வேறு. 2023-இல் இன்னொரு குழு, மூட்டை இறுகச் செய்வதில் வேறொரு வகை ஸ்டெம் செல்லுக்கும் பங்கு உண்டு என்று காட்டியது. அதாவது கதை முன்பு நினைத்ததைவிடச் சிக்கலானது. இன்றைக்கு மூட்டு இறுகிய குழந்தைக்கு மருத்துவம் அறுவைதான். உங்கள் குழந்தைக்கு இறுகியதாக எந்த அறிகுறியும் நீங்கள் எழுதவில்லை. திறக்க வேண்டியதும் ஒன்றுமில்லை. ஸ்டெம் செல் ஊசி போடுகிறோம் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஒரு தையல்மூட்டை வைத்துப் பெரிய முடிவுக்குத் தாவக் கூடாது என்பதற்கு எங்கள் ஊரிலேயே சான்று இருக்கிறது. 1924-இல் டாவுங் சுண்ணாம்புக் குவாரியில் கிடைத்து, ரேமண்ட் டார்ட் 1925-இல் உலகுக்கு அறிவித்த, மனிதனின் மிகப் பழைய உறவினமான ஆஸ்ட்ரலோபிதெகஸின் குழந்தை மண்டையோடு விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. மூன்று நான்கு வயதில் இறந்த அந்தக் குழந்தையின் நெற்றி நடு மூட்டு பாதி திறந்திருந்தது, மனிதரைப் போல மூளை வளர்ந்ததற்கு அது அறிகுறி என்று 2012-இல் ஒரு குழு எழுதியது. 2014-இல் இன்னொரு குழு அதே மண்டையோட்டை நுணுக்கமான சி.டி. படம் எடுத்துப் பார்த்து, அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை என்றது. உலகமே பாடுபட்டுப் படித்த ஒரு மண்டையோட்டிலேயே இந்த நிலை.

தாடைக் கேள்வி இதைவிடச் சுவையானது. கருவின் ஆறாவது வாரத்தில் கீழ்த்தாடைக்குள் இருபுறமும் ஒரு குருத்தெலும்புக் கம்பி தோன்றுகிறது. மெக்கெல் குருத்தெலும்பு என்று பெயர். தாடை எலும்பு அந்தக் கம்பியிலிருந்து உண்டாவதில்லை, அதன் வெளிப்பக்கத்தில் நார்த்திசுவுக்குள் நேரடியாக உண்டாகிறது. கம்பியின் பின்நுனி காதுக்குள் போய்ச் சுத்தி எலும்பும் பட்டடை எலும்பும் ஆகிவிடுகிறது. நடுப்பகுதி கரைந்து, அதன் உறை மட்டும் மண்டையோட்டின் அடியிலிருந்து தாடையின் உட்பக்கம் வரை ஒரு பிணைநாராக எஞ்சுகிறது. உடற்கூறு அறையில் மாணவர்கள் தாடையை விலக்கி இந்த நாரைத் தேடுவார்கள்; அகலமான, வெளிறிய ஒரு பட்டை, கீழ்த்தாடை நரம்பு எலும்புக்குள் நுழையும் துளையின் ஓரத்தில் வந்து ஒட்டியிருக்கும். கீழ்ப்பல் பிடுங்குவதற்கு முன் மரத்துப்போக ஊசி போடுகிறோமே, மருந்து அந்த நாருக்கு வெளிப்பக்கம் விழ வேண்டும். உட்பக்கம் விழுந்தால் பல் சரியாக மரக்காது. மீன்களிலும் ஊர்வனவற்றிலும் தாடையை இணைத்த எலும்புகள் நமக்குக் காதெலும்புகளாயின என்று ரைச்செர்ட் என்ற ஜெர்மானியர் 1837-இல் கருக்களைப் பார்த்தே சொல்லிவிட்டார். அந்த மாற்றத்தின் நடுக்கட்டங்களைப் பாறையில் காட்டியவை பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவின் கரூ வறள்நிலப் பகுதியின் புதைபடிவங்கள். ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் கிடைத்த, சுமார் 20 கோடி ஆண்டு பழமையான டையார்த்ரோநேதஸ் என்ற சிறு விலங்கில் பழைய தாடை மூட்டும் புதிய தாடை மூட்டும் அருகருகே இருக்கின்றன.

நம்முடைய தாடை மூட்டு அந்தப் புதியது. கருவில் ஏழு, எட்டு வாரத்தில் திரண்டு, 9 முதல் 11 வாரத்துக்குள் மூட்டுக்குழி பிளந்து உண்டாகிறது. அதன் மேற்பரப்பு முழங்கால் மூட்டைப் போல வழுவழுப்பான குருத்தெலும்பு இல்லை, நார்த்திசு கலந்தது. அசைவு இல்லாவிட்டால் இந்த வகைக் குருத்தெலும்பு உண்டாவதே இல்லை என்று, அசைவு முடக்கப்பட்ட கோழிக்கருக்கள் காட்டின. இந்த மூட்டின் மேற்பரப்பிலும் ஸ்டெம் செல்கள் உண்டு என்று 2016-இல் ஓர் ஆய்வு சொன்னது; காயப்படுத்திய முயல் தாடை மூட்டில் அந்தச் செல்களைக் காத்துத் தேற்ற அவர்கள் ஊசியில் ஏற்றியது, மேலே சொன்ன அதே ஸ்க்ளெரோஸ்டின். மனிதருக்கு அது இன்னும் சிகிச்சையாகவில்லை.

ஆகத் தாடை, தசையின் பேச்சைக் கேட்கிறது. அப்படியானால் முறுக்கு? டேபிள் மலையில் பாறைக்குப் பாறை தாவும் டாஸி என்ற சிறு விலங்கை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 2004-இல் லீபர்மன் என்பவரின் குழு டாஸிக் குட்டிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒன்றுக்குச் சமைத்த மிருதுவான உணவும் மற்றொன்றுக்குப் பச்சையான, உலர்ந்த உணவும் கொடுத்து வளர்த்தது. மிருதுவாகத் தின்றவற்றின் முகத்தில், மெல்லும் விசை அதிகம் தாங்கும் பகுதிகள் ஏறக்குறைய 10 சதவீதம் குறைவாக வளர்ந்திருந்தன. நல்ல சான்றுதான். ஆனால் அவை பால்குடி மறந்த நாள் முதல் அந்த உணவிலேயே வளர்ந்தவை. பல் நெருக்கத்தில் பரம்பரைக்கும் பங்கு உண்டு. ஏழு வயதில் கடின உணவை மென்று தின்னத் தொடங்கிய குழந்தைகளுக்கு நெருக்கம் தீர்ந்தது என்று நிரூபித்த ஆய்வு இல்லை. மகன் முறுக்கும் கேரட்டும் பில்டாங்கும் கடித்து மெல்லட்டும், அது நல்லது. அதையே சிகிச்சையாக நம்பிக் காத்திருக்க வேண்டாம். கரும்பை மட்டும் அளவோடு கொடுங்கள், சொத்தை வரும்.

தாடையின் இணைப்புத் திசுவை உண்மையிலேயே நம் கை மாற்றும் இடம் பல் மருத்துவரின் நாற்காலி. பல் எலும்பில் நட்ட முளை மாதிரி நிற்கவில்லை, சுமார் 0.2 மில்லிமீட்டர் அகலப் பிணைநாரில், ஊஞ்சல் பலகை கயிற்றில் தொங்குவது போலத் தொங்குகிறது. கிளிப் போட்டு மெல்லிய விசையை விடாமல் கொடுத்தால், நார் இழுபடும் பக்கத்தில் எலும்பு புதிதாக வைக்கப்படுகிறது, நசுங்கும் பக்கத்தில் கரைகிறது, பல் நகர்கிறது. மேல் அண்ணத்தின் நடுவிலும் ஒரு தையல்மூட்டு ஓடுகிறது. இரு பக்கப் பற்களிலும் பிடித்த கருவியின் திருகைச் சாவியால் கால் சுற்று திருப்பினால் சுமார் கால் மில்லிமீட்டர் விரியும். சில நாளில் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி தோன்றும், பெற்றோர் பதறுவார்கள், அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். பிறகு அது தானாகச் சேர்ந்துவிடும். வளரும் வயதில் இந்த மூட்டு எளிதில் விரியும். பதின்பருவம் முடியும்போது எலும்பின் ஓரங்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்வதால் கடினமாகிவிடும். எல்லா நெருக்கத்துக்கும் இது மருந்தாகாது; அண்ணம் குறுகலாக இருந்தால்தான். ஏழு வயது, அளந்து பார்ப்பதற்குச் சரியான வயது. இரவில் வாயைத் திறந்து மூச்சு விடுகிறானா, குறட்டை விடுகிறானா என்பதையும் கவனித்துப் பல் மருத்துவரிடம் சொல்லுங்கள். வாய்மூச்சுதான் அண்ணத்தைக் குறுக்குகிறது என்பதில் கருத்து வேறுபாடு இருந்தாலும், மூக்கடைப்பைக் கவனிப்பதில் இழப்பு ஒன்றுமில்லை.

பெண்ணுக்குச் செய்ய வேண்டியது இது. இங்கே ஒவ்வொரு குழந்தைக்கும் கொடுக்கும் ரோட் டு ஹெல்த் கையேட்டைத் திறந்து, இதுவரை பதிந்த தலைச் சுற்றளவுகளை எடுத்துப் பாருங்கள். அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது மறுபடி அளக்கச் சொல்லுங்கள். தலை தன் கோட்டை ஒட்டியே வளர்ந்துகொண்டிருந்தால், வடிவமும் இருபுறம் ஒத்திருந்தால், குழி மூடியதைப் பற்றி யோசிக்க வேண்டாம். அளவு கோட்டிலிருந்து சரிந்தாலும், மூட்டின் மேல் விரலுக்கு மேடு தட்டினாலும், தலை படகு போல நீண்டாலும், நெற்றி முக்கோணமாகக் கூர்ந்தாலும், ஒரு கண் மேலேறித் தெரிந்தாலும், குழந்தை காரணமின்றி வாந்தி எடுத்துச் சோர்ந்து கிடந்தாலும் குழந்தை மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். இறுகிய மூட்டுக்கான அறுவை முதல் ஆண்டையொட்டிச் செய்யப்படுவது, தள்ளிப்போடக் கூடாது. மாமியாரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். மருத்துவர் தலையைத் தொட்டுப் பார்த்துச் சொல்வதை அவரும் நேரில் கேட்கட்டும். குழி மூடியதற்குத் தான் காரணம் என்று இத்தனை நாளும் அவரும் நினைத்துக்கொண்டிருக்கக்கூடும்.